ஏ.சி. அப்புறம் வாங்கலாம்... முதல்ல காத்துக்கு வழி விடுங்க!

ஒரு நாளைக்கு நீங்கள் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்? மூன்று வேளையும் சேர்த்தால் ஒன்றரை கிலோ இருக்கும். தண்ணீர் இரண்டு, மூன்று லிட்டர். சரி, காற்று? சுமார் பத்தாயிரம் லிட்டர்! எடை போட்டால் ஏறக்குறைய 12 கிலோ!

கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறோம். தண்ணீரைக் காய்ச்சி, வடிகட்டிக் குடிக்கிறோம். ஆனால் இத்தனை கிலோ காற்றை மட்டும் எது வந்தாலும் சரின்னு உள்ளே இழுத்துக்கொள்கிறோமே, இது நியாயமா?

'காற்று மாசு' என்றதும் நமக்கு லாரிப் புகையும் தொழிற்சாலைப் புகைபோக்கியும்தான் ஞாபகத்துக்கு வரும். 'அதெல்லாம் ரோட்டுல... நாமதான் வீட்டுக்குள்ள பத்திரமா இருக்கோமே' என்று நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைக் கேளுங்கள். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் மட்டும் 2020-ம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்!

இதை ஏன் பெரிய காஞ்சிபுரத்தை வைத்துச் சொல்கிறேன் தெரியுமா? மற்ற ஊர்களில் வீடு என்பது வீடு மட்டும்தான். இங்கே பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் வீடுதான் தொழிற்சாலை, தொழிற்சாலைதான் வீடு. காலையிலிருந்து ராத்திரி வரை அதே நாலு சுவருக்குள் வேலை, சமையல், தூக்கம் எல்லாம் நடக்கிறது.

தறி வீடும் சாத்திய ஜன்னலும்

தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி குடும்பத் தலைவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் மனைவி ராட்டையில் தார் சுற்றுவார். கூடத்தை ஒட்டியே அடுப்பு. மூலையில் தாத்தா கட்டில். பரீட்சைக்குப் படிக்கிற பையனும் அங்கேதான். ஜன்னல் இருக்கும்; ஆனால் பாதி நாள் சாத்தியே இருக்கும்.

ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "காத்து அடிச்சா இழை அலையும் சார். வெயில் காலத்துல காஞ்ச காத்து பட்டா பாவு படக் படக்குனு அறுந்துடும்" என்பார்கள். நியாயமான பதில்தான். பட்டு இழைக்கு மிதமான ஈரம் வேண்டும். காற்று வறண்டால் அது விறைத்துப்போகும். நேரடி வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். புழுதி விழுந்தால் சேலை பாழ். ஜரிகையில் இருப்பது வெள்ளி. சாக்கடையிலிருந்து வரும் வாயு பட்டால் வெள்ளி கறுக்கும். மஞ்சள்நீர்க் கால்வாய் ஓரத்தில் குடியிருக்கிறவரிடம் போய் 'ஜன்னலைத் திறந்து வையுங்க' என்று சொன்னால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்!

ஆக, நெசவாளர் அறியாமையால் ஜன்னலைச் சாத்தவில்லை, பிழைப்புக்காகச் சாத்துகிறார். 'காற்றோட்டமாக இருங்கள்' என்று ஒரு வரியில் புத்தி சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இழையும் அறக்கூடாது, நுரையீரலும் கெடக்கூடாது. அதற்கு என்ன வழி என்பதுதான் கேள்வி.

நம் முன்னோர் இதற்கு வழி வைத்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பழந்தமிழில் 'காலதர்' என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. வெளிச்சத்துக்கான ஓட்டை என்று சொல்லாமல், காற்றின் வழி என்றே பெயர் வைத்தார்கள் பாருங்கள்! பழைய வீடுகளில் நடுவில் முற்றம் இருந்தது. சூடான காற்றும் புகையும் மேலே ஏறி முற்றம் வழியாகப் போய்விடும். வாசல் பக்கமிருந்து மெதுவாகப் புதுக் காற்று வரும். தறி ஓரமாக இருப்பதால் இழையும் அலையாது.

பாகப் பிரிவினை வந்தது. ஒரு வீடு மூன்றானது. முற்றத்துக்கு மேல் சிமென்ட் ஷீட்டோ கான்கிரீட்டோ வந்து உட்கார்ந்தது. காற்று போகும் வழி அடைபட்டது. அதற்கு மாற்றாக எதையாவது வைத்தோமா? இல்லை!

உள்ளே என்னதான் இருக்கிறது?

"எங்க வீட்லதான் கேஸ் அடுப்பாச்சே!" என்கிறீர்களா? நல்லது. விறகைவிட கேஸ் எத்தனையோ மேல். இந்தியா உள்பட நான்கு நாடுகளில் கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நம் தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளில் போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தினர் அதை நடத்தினார்கள். 2022-ல் முடிவு வெளியானது. விறகிலிருந்து கேஸுக்கு மாறிய பெண்கள் சுவாசித்த நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராம். விறகிலேயே சமைத்தவர்களுக்கு 70-க்கும் மேல். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன ஆண்டுச் சராசரி அளவு வெறும் 5 மைக்ரோகிராம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுப்பை மாற்றியது பாதி வேலைதான். காற்றையும் மாற்றவேண்டும் என்பது என் கருத்து.

நுண்துகள் என்றால் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத தூசு. மூக்கு முடியில் மாட்டாது. நேராக நுரையீரலின் அடி ஆழத்துக்குப் போய் உட்காரும், ரத்தத்திலும் கலக்கும்.

கேஸில் சமைத்தாலும் அப்பளம் பொரிக்கிற எண்ணெய்ப் புகை, மிளகாய் தாளிக்கிற நெடி, கேஸ் எரிவதால் வரும் நைட்ரஜன் டை ஆக்ஸைடு எல்லாம் உண்டு. பல வீடுகளில் சமையல்தான் கேஸில். வெந்நீர் இன்னும் விறகில்தான். இது போதாதென்று ராத்திரியில் கொசுவர்த்தி. ஒரே ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. கதவைச் சாத்தி, கொசுவர்த்தி ஏற்றி, பக்கத்தில் கைக்குழந்தையைத் தூங்கவைக்கிறோம்!

சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரமும் புகைதான். சாமி காரியத்தை விடச் சொல்லவில்லை. தூபம் காட்டுகிற அந்தப் பத்து நிமிஷம் கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பட்டையும் சொல்லவேண்டும். கச்சாப் பட்டின் மேல் செரிசின் என்கிற பசை இருக்கிறது. எடையில் சுமார் கால் பங்கு. சிலருக்கு அது ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தரும். கூட்டிலிருந்து பட்டு நூல் எடுக்கும் ஆலைத் தொழிலாளர்களிடம் இது அதிகம். காஞ்சிபுரத்தில் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசையை எடுத்து, சாயம் ஏற்றிய பிறகே பட்டு தறிக்கு வருகிறது. அதனால் நெசவாளருக்கு ஆபத்து குறைவு. ஆனால் கச்சாப் பட்டை முறுக்குகிறவர், வேகவைக்கிறவர், சாயப்பட்டறையில் விறகடுப்புக்கும் கொதிக்கும் அமில ஆவிக்கும் முன்னால் நிற்பவர் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லை. தறிக்குழி ஊறும், சுவரில் பூஞ்சாணம் படரும், மெத்தையில் தூசிச் சிற்றுயிர்கள் பெருகும். அப்பத்தான் வீட்டுக்கு ஒருவர் இருமிக்கொண்டிருப்பார்.

"அதான் ஏ.சி. வாங்கப் போறோமே!"

இங்கேதான் ஏமாறுகிறோம். சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்று ஒரு பிடிகூட உள்ளே கொண்டுவராது. அறைக்குள் இருக்கிற அதே காற்றை இழுத்து, குளிரவைத்து, அதையே திரும்ப விடுகிறது. வெளியே மாட்டியிருக்கிற பெட்டி வெப்பத்தை வெளியே தள்ளத்தான். காற்றை மாற்ற அல்ல. இது பலருக்குத் தெரியாது. கடைக்காரரும் சொல்வதில்லை.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் பெட்டன்கோஃபர் என்ற அறிஞர், ஓர் அறையின் காற்று நல்லதா கெட்டதா என்று அறிய 1858-லேயே ஓர் அளவுகோல் சொன்னார். நாம் வெளிவிடும் கரியமில வாயுவை அளந்து பாருங்கள். பத்து லட்சம் பங்கில் 1,000 பங்கைத் தாண்டினால் அந்த அறைக்குப் புதுக் காற்று போதவில்லை என்றார். இன்றைக்கும் பலர் பின்பற்றும் அளவு அதுதான். வெளிக்காற்றில் இப்போது சுமார் 420 பங்கு இருக்கிறது. கசிவே இல்லாமல் அடைத்த ஒரு பத்துக்குப் பத்து அறையில் இரண்டு பேர் படுத்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 1,000 தாண்டிவிடும். விடியும்போது தலைபாரம், சோர்வு... 'ஏ.சி. எனக்கு ஒத்துக்கலை' என்பார்கள்.

அந்த அளவில் கரியமில வாயு விஷமல்ல. ஆனால் அது ஓர் எச்சரிக்கை மணி. ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுக்கிறார் என்று அர்த்தம். அந்த வீட்டில் ஒருவருக்குக் காசநோயோ ஃப்ளுவோ இருந்தால் கிருமியும் அதே வழியில்தான் பயணம் செய்யும். காற்றைச் சுத்தப்படுத்தும் ஏர் பியூரிஃபையர் இருக்கிறதே என்றால், அது தூசியை வடிகட்டும். கரியமில வாயுவைக் குறைக்காது. புதுக் காற்றுக்கு அது ஈடல்ல.

குளிர் நாட்டுக்காரர்கள் படித்த பாடம்

1973-ல் எண்ணெய் விலை எகிறியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'சூடு வெளியே போகக்கூடாது' என்று வீட்டையும் ஆபீஸையும் சந்து பொந்தில்லாமல் அடைத்தார்கள். ஆளுக்கு நிமிஷத்துக்கு 5 கன அடி புதுக் காற்று போதும் என்று அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் 1981-ம் ஆண்டு விதி சொன்னது. விளைவு? தலைவலி, கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு என்று ஊழியர்கள் வரிசையில் நின்றார்கள். 'நோய்க் கட்டடம்' என்றே அதற்குப் பெயர் வந்தது. 1989-ல் அதே சங்கம் 5-ஐ 15 ஆக்கியது.

அதன்பின் அங்கே தானியங்கிச் சாதனங்கள் பரவலாயின. ஒரு பெட்டி, அதற்குள் மெல்லிய தகடுகள். ஒரு பக்கம் வீட்டின் பழைய சூடான காற்று வெளியே போகும். மறுபக்கம் குளிர்ந்த புதுக் காற்று உள்ளே வரும். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் கைமாறும். கரியமில வாயுவையோ ஈரத்தையோ அளக்கும் கருவி ஒன்று, தேவைப்படும்போது விசிறியைக் கூட்டும், இல்லாதபோது குறைக்கும். ஆள் கவனிக்க வேண்டியதில்லை.

இது நமக்கு வேண்டுமா? காஞ்சிபுரத்தில் வீட்டைச் சூடாக்க வேண்டிய கஷ்டம் யாருக்கும் இல்லை! சூடு ஏற்கெனவே தாராளம். ஆனால் ஓர் இடத்தில் கட்டாயம் வேண்டும் என்பேன். காந்தி ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஜவுளிக் கடைகளில் முகூர்த்த நாளில் கூட்டம் நெரியும். வாடிக்கையாளர் இரண்டு மணி நேரத்தில் போய்விடுவார். சேலையை விரித்து விரித்துக் காட்டும் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை அதே காற்றில்தான் நிற்கவேண்டும். லட்சக்கணக்கில் அலங்கார விளக்கு மாட்டும் முதலாளிகள், கூட்டத்துக்கு ஏற்பத் தானாகப் புதுக் காற்று விடும் சாதனத்தையும் மாட்டவேண்டும். ஏ.சி. போட்ட கல்யாண மண்டபத்துக்கும் இதுவே என் கோரிக்கை.

நம்ம வீட்டுக்கு என்ன செய்யலாம்?

ரொம்ப சுலபம். காற்று வர ஒரு வழி. போக ஒரு வழி. மெஷின் இந்த இரண்டுக்கும் துணைதான்.

முதலில் சமையலறையில், அடுப்புக்கு மேலே உயரத்தில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். பலர் வீட்டில் இருக்கிறது, போடத்தான் மறந்துபோகிறது. அதனால் ஒரு டைமர் சுவிட்ச் வையுங்கள். அடுப்பு பற்றவைக்கும்போது தட்டினால், சமையல் முடிந்த பிறகும் கால் மணி நேரம் ஓடித் தானே நிற்கும். நமக்கு வேண்டிய 'ஆட்டோமேட்டிக்' அவ்வளவுதான்! 40 வாட் ஃபேன் தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. ஒரே நாள் ராத்திரியில் கிட்டத்தட்ட அவ்வளவு இழுத்துவிடும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். ஈரப்பதத்தை அளந்து தானே ஓடும் ஃபேன்களும் கிடைக்கின்றன. குளிர் நாட்டில் அது சரி. அங்கே வெளிக்காற்று உள்ளே வந்து சூடானால் வறண்டுவிடும். நம்ம ஊர் ஐப்பசியில் வெளியேயும் ஈரம்தான். ஃபேன் நாள் பூராவும் ஓடும், ஈரம் குறையாது. அதனால் இங்கே டைமர்தான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு எல்லா ஜன்னலையும் சாத்தாதீர்கள். வர வழியில்லாமல் காற்று எப்படிப் போகும்? ஃபேன் சும்மா சுற்றும். இல்லாவிட்டால் கழிவறை நாற்றத்தை உள்ளே இழுக்கும். எதிர்ச் சுவரில் ஒரு திறப்பு வேண்டும். கொசு வலை அடியுங்கள். வலை காற்றைக் குறைக்கும் என்பதால் திறப்பைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள்.

மூன்றாவது, தறி இருக்கிற கூடம். காற்று வரும் திறப்பும் போகும் திறப்பும் பாவுக்கு நேராக இருக்கக்கூடாது. போகும் வழி கூரையை ஒட்டி, வரும் வழி தறியைத் தாண்டிய ஓரத்தில். சிறிய ஃபேன் மெதுவாக இழுத்தால் காற்று மாறும், இழை அலையாது. சித்திரை வெயிலில் வரும் வழியில் ஈரத் துணியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிட்டால் காற்று வறண்டும் வராது.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நம்மைப் போன்ற சூடும் ஈரமும் உள்ள பகுதியில், தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. கதவு இதில் சேராது. உங்கள் வீட்டில் டேப் வைத்து அளந்து பாருங்கள்!

உயிரையே எடுக்கும் வெந்நீர்

ஒரு விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். குளியலறைக்குள் கேஸ் கீஸர் மாட்டாதீர்கள். அடைத்த அறையில் கேஸ் எரியும்போது பிராணவாயு குறைந்து கார்பன் மோனாக்ஸைடு உருவாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று தொடங்கி, கதவைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் போய்விடும். ஊட்டி, கொடைக்கானலுக்கு டூர் போகிறவர்கள் அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்குவதும் இதே ஆபத்துதான். கீஸரை வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டிக் குழாய் வழியாக வெந்நீரைக் கொண்டுவாருங்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இது வீட்டுக்காரர் மட்டும் செய்யும் வேலையா?

இல்லவே இல்லை. வாடகைக் குடித்தனத்தில் இருக்கும் நெசவாளர் சுவரில் ஓட்டை போட முடியுமா? சாக்கடை நாறினால் அவர் என்ன செய்வார்? தறிக்கும் ஜரிகைக்கும் முன்பணம் தரும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும் முதலாளிகளும் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் தரலாமே? தறிக்கூடத்தோடு நெசவாளர் வீடு கட்டித் தரும் எந்த அரசுத் திட்டத்திலும் 'காற்று வரும் வழி, போகும் வழி' என்று வரைபடத்தில் ஒரு கோடு இல்லாமல் பணம் ஒதுக்கக்கூடாது என்பேன். கால்வாயைத் தூர் வாருவது நகரத்தின் அழகுக்காக மட்டுமல்ல. ஜன்னலைத் திறக்க முடிகிற உரிமைக்காகவும்தான்.

ஒரு முகூர்த்தச் சேலைக்குப் பின்னால் பல நாட்கள் அந்த அறையின் காற்றை இழுத்த நுரையீரல்கள் இருக்கின்றன. தார் சுற்றும் தாயின் வயிற்றில் ஒரு குழந்தையும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, ராத்திரியில் மூச்சிரைப்பா? கை மருந்தோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு, ஜன்னல், தறி எங்கே இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

அதன்பிறகும் ஏ.சி. வாங்கத்தான் போகிறீர்களா? தாராளமாக வாங்குங்கள். கடைக்காரர் "எத்தனை டன் வேணும்?" என்று கேட்பார். பதில் சொல்வதற்கு முன்னால் நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "புதுக் காத்து எந்த வழியா வரும்?"